பூட்டுக்காரர் ஸ்கோன் சுட்ட படலம்

திறவாதன திறப்பவரும், திறந்தன பூட்டுபவரும், தம் காலடி ஓசை கேட்ட மாத்திரத்தில் மூன்று தெருக் கதவுகளும் தாழ் தளர்ந்து வழிவிடும் தகைமை படைத்தவரும், துருவேறிய தாழ்ப்பாள்களுக்குக் காலனும், தொலைந்த சாவிகளுக்குத் தந்தையும் ஆகிய பூட்டுக்காரரை வாழ்த்தி இக்கதையைத் தொடங்குகிறோம். வாழ்க அவர் வலக்கை மணிக்கட்டு! கால் நூற்றாண்டாக வலப்பக்கம் திருகித் திருகி வைரம் பாய்ந்த அந்த மணிக்கட்டே இப்போரின் படைக்கலம். அந்தோ, இப்போரின் பகையும் அதுவே.

குளிர்பெட்டியின் மேல்தட்டில், முட்டைகளுக்கும் ஊறுகாய்க்கும் நடுவே, பொன்னிறக் கோட்டை போல் வீற்றிருக்கும் வெண்ணெய்க் கட்டியே, உன்னையும் வணங்குகிறோம். உருகாமல் இரு. இந்தக் கதை முடியும்வரையாவது உருகாமல் இரு.

இனிப் போர் மூண்ட காரணம் கேளுங்கள். உலகத்துப் பெரும்போர்களுக்கெல்லாம் மண்ணோ பொன்னோ காரணமாயிருக்கலாம். இந்தப் போருக்குக் காரணம் ஒரு வாய். அதுவும் நிறைந்த வாய்.

பூட்டுக்காரரின் மனைவி பேருந்து நிலையத்தில் தகவல் மேசைக்காரி. எந்த வண்டி எப்போது வரும், ஏன் வரவில்லை, வராததற்கு யாரைத் திட்டலாம் என்று கேட்டு வரும் கூட்டத்துக்கு நாள் முழுக்க மலர்ந்த முகத்தோடு பதில் சொல்லும் சொல்லின் செல்வி. ஞாயிறு மாலை ஆனால் அவள் ஸ்கோன் சுடுவாள். ஆங்கிலேயர் தேநீரோடு தின்பதற்கென்றே கண்டுபிடித்த அந்தப் பண்டம் அவள் கையில் உள்ளங்கை அகல வட்டமாய், நிமிர்ந்து, தலை பொன்னிறமாய், இடுப்பைச் சுற்றி மெல்லிய வெடிப்போடி, விரல் பட்டதும் தானே இரண்டாய் விண்டுகொடுக்கும். அதன்மேல் ஜாம் முதலில் தடவுவதா, க்ரீம் முதலில் தடவுவதா என்று அவளும் அவள் தம்பியும் ஆண்டுக்கணக்கில் நடத்திவரும் துணைப்போர் ஒன்று உண்டு. அதைப் பாட வேறொரு புலவர் வேண்டும்.

சென்ற ஞாயிறு அந்தத் தம்பி, அதாவது ஊருக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுத்தரும் பயிற்சியாளர், மூன்றாவது ஸ்கோனை முடித்துவிட்டு, "அக்கா, உன் கை யாருக்கும் வராது" என்று மனமுருகிச் சொன்னார். அந்தப் புனித வேளையில், யாரும் கேட்காமலே, யாதொரு தேவையும் இல்லாமலே, நம் காவியநாயகர் வாய்நிறைய ஸ்கோனோடு திருவாய் மலர்ந்தார்:

"மாவு, வெண்ணெய், பாலு. கலந்து உள்ள வெச்சா அதுபாட்டுக்கு உப்புது. இதுல என்ன பெரிய வித்தை இருக்கு?"

சுவர்க்கடிகாரம் ஒரு கணம் தயங்கியது போலிருந்தது. தகவல் மேசைக்காரி தேநீர்க் கோப்பையை ஓசையின்றி வைத்தாள்.

"சரி. வித்தை இல்லாத வேலைதானே? அடுத்த ஞாயித்துக்கிழமை ஐயாவே செய்யட்டும்."

"பிரேக் போட்டிருக்கலாம் மாமா" என்றார் பயிற்சியாளர், மிகவும் தாமதமாக.

அந்தச் சொல்லோடு அவள் வாய் பூட்டிக்கொண்டது. உலகுக்குத் திறந்திருந்தது, கணவருக்கு மட்டும் பூட்டிக்கொண்டது. அன்று முதல் அரசாணைகள் யாவும் தூது வழியே வந்தன. தூது சென்றவள் மகள். மருத்துவமனையில் முறிந்த எலும்புகளுக்கு மாவுக்கட்டுப் போடுகிறவள். ஒரே மேசையில் முழங்கை இடிக்க உட்கார்ந்துகொண்டு, "அப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளு" என்பாள் தாய். "வேணும்னு சொல்லு" என்பார் தந்தை. "நான் இந்த வீட்டுக்குப் பொண்ணா, போஸ்ட்மேனா?" என்பாள் மகள்.

பூட்டுக்காரர் அந்தப் பூட்டுக்குப் போட்டுப் பார்க்காத சாவியில்லை. கேட்காமலே சமையலறைக் குழாயின் ஒழுகலை நிறுத்தினார். மின்விசிறி துடைத்தார். அவள் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து நின்று இருமினார். எதற்கும் அசையவில்லை அந்தப் பூட்டு.

ஸ்கோனின்றி ஒருவர் உயிர்வாழலாம். ஆனால் கடையடைத்து வந்ததும் கைகால் கழுவி, அன்று திறந்த பூட்டுகளின் கதையை அவளிடம் சொல்லாமல் ஒருவர் எப்படி வாழ்வது? அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பாள். நல்ல இடத்தில் கத்தியை நிறுத்துவாள். அந்த நிறுத்தத்துக்காகவே அவர் பல பூட்டுகளைத் திறந்திருக்கிறார். அப்படியிருக்க, பாருங்கள் விதியை, அந்த வாரம் புதன்கிழமைதான் அவர் தொழில் வாழ்வின் தலைசிறந்த பூட்டு வாய்த்தது. முதியவர் ஒருவரின் வீட்டில், யாரும் என்றைக்கும் திறந்து பார்த்திராத இரும்புப் பீரோ ஒன்றை அரைநாள் போராடித் திறந்தார். உள்ளே இருந்ததைக் கண்டு அவரும் முதியவரும் ஒருவரையொருவர் பார்த்து விழித்தார்கள். உள்ளே என்ன இருந்தது? அதை முதலில் மனைவிக்குத்தான் சொல்வது என்று அவர் உறுதி பூண்டிருப்பதால் நமக்கும் சொல்லவில்லை. தூது வழியாகச் சொல்லி வீணடிக்கும் கதையா அது? நெஞ்சில் அதைச் சுமந்துகொண்டு நடந்தார், பொரிகிற எண்ணெயைக் கரண்டியில் ஏந்தி நடப்பவரைப் போல.

ஆகவே, அன்பர்களே, ஞாயிறு நண்பகலில் அவர் சமையலறைக்குள் புகுந்தது ஸ்கோனுக்காக அன்று. ஒரு கதைக்காக.

பூப்போட்ட ஏப்ரனைக் கவசமெனப் பூண்டார். நாடா எட்டவில்லை, சாவிக்கொத்துக் கம்பியால் முடிந்துகொண்டார். மாவுப் பொட்டலத்தின் முதுகில் அச்சிட்டிருந்த செய்முறையை, பகைவர் கோட்டையின் வரைபடத்தை நோக்கும் படைத்தலைவரென நோக்கினார். மாவு பொழிந்தது, வெண்முகில் எழுந்து அடுப்பையும் அலமாரியையும் அவர் மீசையையும் மூடியது. வெண்ணெய்க் கட்டியைக் கையிலெடுத்து அவர் அது இளகட்டும் என்று சன்னல் வெயிலில் வைக்கப்போன சமயத்தில், தூதுவர் வாசலில் தோன்றினாள்.

"வெண்ணெய் கல்லு மாதிரி இருக்கணுமாம். அம்மா சொல்லல. சும்மா காத்தைப் பாத்து சொன்னாங்க. நான் பக்கத்துல இருந்தேன்."

வெண்ணெய் வெயிலிலிருந்து மீண்டது. பின்பு நிகழ்ந்ததைச் சொல்ல ஆயிரம் நா வேண்டும். பூட்டின் இருண்ட வயிற்றுக்குள் மெல்லிய கம்பி நுழைத்து, கண்ணால் காணாததைக் காதால் கண்டு பழகிய அந்தப் பத்து விரல் நுனிகளும் வெண்ணெயை மாவோடு உரசி உரசி, உதிரி உதிரியாய், நொய்போல் ஆக்கிக் காட்டின. அவரே வியந்தார். பாலை ஊற்றினார். வியப்பில் சற்று அதிகமாகவே ஊற்றினார்.

இரு கைகளையும் முழங்கை வரை மாவு கவ்விக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில் தொலைபேசி முழங்கியது. மூக்கு நுனியால் அதன் திரையைத் தொட்டு அழைப்பை ஏற்றார் பூட்டுக்காரர். சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிட்டதாக ஓர் அபலைக் குரல் கதறியது. தொழிலா, இல்லறமா? தன் பெயருக்கு இழுக்கு வரினும் வருக என்று துணிந்து அவர் முழங்கினார்:

"இன்னிக்குக் கடை லீவு. சாயந்திரம் வரைக்கும் வெளியிலயே இருங்க. காத்து நல்லா வருது."

மீண்டும் மாவு தூவி, ஒட்டியதைப் பிரித்து, பலகையில் கொட்டித் தட்டிப் பரப்பினார். தகர வளையத்தை எடுத்தார். அமுக்கினார். கால் நூற்றாண்டாகக் கை கற்றதையெல்லாம் ஒருங்கே திரட்டி, அமுக்கிய வளையத்தை வலப்பக்கம் ஒரு திருகு திருகி எடுத்தார். ஆறு முறை அமுக்கினார். ஆறு முறை திருகினார். தட்டு ஓவனுக்குள் சென்றது. அதன் கண்ணாடிக் கதவின் முன்னே குந்தியிருந்து, முட்டையிடும் பறவையைக் காக்கும் துணைப்பறவை போலக் காத்தார்.

எழுந்தன ஸ்கோன்கள். எழுந்தன, ஆனால் நிமிரவில்லை. ஒரு விலா உயர்ந்து மறு விலா அமுங்கி, ஆறும் ஒரே பக்கமாய்ச் சாய்ந்து நின்றன, வண்டி வளைவில் திரும்பும்போது கம்பியைப் பிடித்து நிற்கும் பயணிகளைப் போல.

பூட்டுக்காரர் தட்டைத் திருப்பி வைத்துப் பார்த்தார். மறுபக்கம் சாய்ந்தன. தம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். அப்படிப் பார்த்தால் நேராகத்தான் இருந்தன. ஆனால் வருகிற மைத்துனரைத் தலைசாய்த்தே உட்காரச் சொல்ல முடியுமா? கூடத்தில் செய்தித்தாள் சலசலத்தது. அந்தத் தாளுக்குப் பின்னால்தான் அவள் இருக்கிறாள். தோல்வியின் பிணங்களை அவள் காணலாகாது! வெளுத்த துண்டில் ஆறையும் சுற்றி, கதவோரம் இருந்த தம் கருவிப்பெட்டியில், அரத்துக்கும் சுத்தியலுக்கும் மேலே கிடத்தி, மூடி, பழக்கத்தால் பூட்டியும் விட்டார்.

இரண்டாம் ஈட்டுக்கு மாவு பிசைந்தாயிற்று. இம்முறை பால் அளவோடு சேர்ந்தது. வளையத்தை அமுக்கினார்; திருகினார். சர்ரக் என்று பலகையில் தகரம் உரசியது. கூடத்தில் செய்தித்தாளின் சலசலப்பு நின்றது.

"அப்பாகிட்ட சொல்லு" என்றது தாளுக்குப் பின்னிருந்த குரல். "அது மாவு. பூட்டு இல்ல."

தூதுவர் நாலடி நடந்து வந்து, ஒரு சொல்லும் சிந்தாமல் ஒப்புவித்தாள். "அது மாவாம். பூட்டு இல்லையாம்."

பூட்டுக்காரர் தம் கையைப் பார்த்தார். அந்தோ! இரவெல்லாம் கோட்டையைக் காத்தவனே கதவு திறந்துவிட்டவன் என்று அறிந்த மன்னன் எப்படிப் பார்ப்பானோ, அப்படிப் பார்த்தார். திருகினால் ஓரம் இழுபட்டு ஒட்டிக்கொள்கிறது. ஒட்டிய பக்கம் எழ மறுக்கிறது. இவ்வளவுதான் சூழ்ச்சி. நேராக அமுக்கி நேராக எடுக்க வேண்டும். குழந்தையும் செய்யும். வளையத்தை மீண்டும் பதித்தார். திருகாதே என்று தமக்கே ஆணையிட்டார். மணிக்கட்டு திருகியது. பல்லைக் கடித்துக்கொண்டு பதித்தார். திருகியது. கண்ணை மூடிக்கொண்டு பதித்தார். இன்னும் அழகாகத் திருகியது.

"ஏ மணிக்கட்டே!" என்று அவர் அரற்றியது பலகணி தாண்டிக் கேட்டது. "உனக்கு என்ன குறை வெச்சேன்? தைலம் தடவலையா? சுடுதண்ணி ஒத்தடம் குடுக்கலையா? ஒரே ஒரு நாளு, ஒரே ஒரு நாளு சும்மா இருக்க மாட்டியா?"

அதைக் கேட்டுத் தூதுவர் மனம் இளகியது. தன் அறைக்குச் சென்று, சுருள் துணியோடும் கத்தரியோடும் மீண்டாள்.

"நான் நடுநிலைப்பா. ஆனா மருத்துவ உதவி போர்ல செல்லும். கையை நீட்டுங்க."

மரக்கரண்டியின் காம்பை முன்கையில் சார்த்தி, உள்ளங்கையிலிருந்து முழங்கைக்குப் பாதி வரை இறுக இறுகச் சுற்றி, முறிந்த எலும்புக்குக் கட்டுவது போலவே கட்டினாள். கரண்டியின் தலை அவர் நடுவிரலுக்கு அப்பால் ஆறாவது விரலாக நீண்டு நின்றது. மணிக்கட்டு திருக முயன்றது, காம்பு தடுத்தது. முனகியது, காம்பு இரங்கவில்லை. மதங்கொண்ட களிறு கட்டுத்தறியில் நின்றது.

இனி என்ன சொல்ல! வளையம் நேரே இறங்கியது, நேரே ஏறியது. கெட்டுப்போன துண்டங்களையும் சேர்த்துத் தட்டி மீண்டும் வெட்டினார். இறங்கியது, ஏறியது. தலையில் மட்டும் பால் பூசினார், ஓரத்தில் ஒரு துளி வழியாமல். தட்டு உள்ளே சென்றது. கண்ணாடிக்குப் பின்னால், படை அணிவகுத்து எழுவது போல, ஒன்றையொன்று தோளுரசி, நிமிர்ந்து, தலைக்குத் தலை பொன் முடி சூடி அவை எழுந்தன. பூட்டுக்காரர் தட்டை வெளியே எடுத்து உயர்த்திப் பிடித்தார். மாவு படிந்த மீசை துடித்தது. அந்த நேரம் பார்த்து வாசல்மணி ஒலித்தது.

வந்தார் மைத்துனர். வெறுங்கையோடு வரும் வழக்கம் அவருக்கு இல்லை; எதையாவது பூட்டிக்கொண்டு திறக்க முடியாமல் எடுத்து வருவார். இம்முறை எண் பூட்டுப் பெட்டி. "எண்ணு மறந்துபோச்சு மாமா. அப்புறம் பாத்துக்கலாம்" என்று அதைக் காலடியில் வைத்துவிட்டு, ஸ்கோனைக் கையிலெடுத்தார். அது தானே விண்டுகொடுத்தது. க்ரீமை முதலில் தடவினார். தகவல் மேசைக்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அட! அக்கா, உண்மையைச் சொல்லு. நீதானே செஞ்ச?"

அவள் உதட்டைச் சுழித்துக் கணவர் இருந்த திசையைக் காட்டினாள். பூட்டுக்காரர் கரண்டி கட்டிய கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, மார்பை விரித்து அறிவித்தார்: "நானேதான்!"

"சபாஷ்!" மைத்துனர் மேசையைத் தட்டினார். "அப்போ போன வாரம் நீங்க சொன்னது சரிதான் மாமா. இதுல ஒரு வித்தையும் இல்ல!"

கேட்டீர்களா? வெற்றி தன் சுயரூபத்தைக் காட்டிய கணம் அது. கோணலாக வந்திருந்தால் தோற்றிருப்பார். நேராக வந்ததால் ஜெயித்தார், ஜெயித்ததால் அந்தப் பாழும் வார்த்தை மெய்யாயிற்று. பூட்டுக்காரர் மனைவியைப் பார்த்தார். பாதி திறந்திருந்த முகம், அவர் கண்ணெதிரே, உள்ளிருந்து ஒரு தாழும் வெளியே ஒரு தாழுமாகச் சாத்திக்கொண்டது. பூட்டுகளை அறிந்தவர் அவர். இது மறு வாரமும் திறக்காது. நெஞ்சிலிருந்த பீரோக் கதை தொண்டை வரை ஏறி, திரும்ப இறங்கியது.

"பெட்டியையும் திறந்துடுங்க மாமா, கையோட கையா" என்றார் மைத்துனர்.

கருவிப்பெட்டி கடையில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம். நாவின் நுனியில் வந்து நின்றது அந்தப் பொய். ஆனால் அந்த வீரர் எழுந்தார். கதவோரம் சென்றார். தம் பெட்டியைத் தாமே ஏந்தி வந்து, ஜாமுக்கும் க்ரீமுக்கும் நடுவே, மேசையின் நட்டநடுவே வைத்தார். மறைத்த கையை முன்னே கொண்டுவந்தார். பூட்டைத் திறந்தார், கட்டுப்போட்ட கையால் திருக முடியாமல் இடக்கையால் தடவித் தடவித் திறந்தார். துண்டை விரித்தார். சாய்ந்த அறுவரும், ஒருவர் தோளில் ஒருவர் தலைவைத்து, அவைக்கு வந்தார்கள்.

"இது முதல் ஈடு" என்றார். "இதுதான் நான் செஞ்சது. அந்த நேரா நிக்கிறது இருக்கே, அது பாதி இந்தக் கரண்டி செஞ்சது, பாதி கூடத்துலேர்ந்து வந்த குரல் செஞ்சது. வாய்ல போட்டு முழுங்குறவனுக்கு என்ன தெரியும் மச்சான்? இது பெரிய வித்தைதான். நான்தான் தெரியாம பேசிட்டேன்."

மைத்துனர் கரண்டியைப் பார்த்தார், கோணல் ஸ்கோன்களைப் பார்த்தார், அவரறியாமல் தலையைச் சாய்த்தார். தகவல் மேசைக்காரி கையை நீட்டினாள். நிமிர்ந்து நின்ற பொன்முடி வேந்தர்களைத் தாண்டிச் சென்றது அந்தக் கை. சாய்ந்தவற்றில் மிகச் சாய்ந்ததை எடுத்தது. முகர்ந்தாள்.

"அப்பாகிட்ட சொல்லு, இதுல மெஷின் ஆயில் வாசனை வருதுன்னு" என்று தொடங்கியவள், முடிக்குமுன் சிரித்துவிட்டாள். சிரித்தபடியே ஜாம் தடவி ஒரு கடி கடித்தாள். "பரவால்ல, உள்ள நல்லா வெந்திருக்குன்னும் சொல்லு."

"முடியாது" என்றாள் மகள், இரண்டு கைகளையும் மேலே தூக்கி. "தூதுவர் ராஜினாமா பண்ணியாச்சு. இனிமே எதுவா இருந்தாலும் நேரா பேசிக்கோங்க. எனக்கு க்ரீமை நகத்துங்க."

அவை மூச்சடக்கியது. மேசைவிரிப்பின் நூலும் அசையவில்லை. பூட்டிய கதவின் முன் காதை வைத்துக் கால் நூற்றாண்டாகக் கேட்டுப் பழகியவர், உள்ளே ஏதோ ஒரு சிறு நாக்கு நகர்ந்து விழும் அந்த ஓசைக்காகத் தம் உடலெல்லாம் காதாக, கட்டுப்போட்ட கையை மார்போடு சேர்த்து, மீசை மாவு உதிர நின்றார். வீரரைப் பாடுவாளா, வசைபாடுவாளா, மன்னித்தேன் என்பாளா, மறக்கமாட்டேன் என்பாளா? எட்டுத் திசையும் காத்திருக்க, அவள் நிமிர்ந்து, கணவரை நேருக்கு நேர் நோக்கி, வாய் திறந்தாள்:

"ஏங்க, ஓவனை நிறுத்துனீங்களா?"

அவர் போய் ஓவனை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "அந்தப் பீரோவுக்குள்ள இன்னொரு சாவிதான் இருந்துச்சு" என்றார்.